மதுரைக்கு முன்னதாகப் புறப்பட்ட பை

இதை எழுதி வைத்தே ஆக வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு திருமணப் பந்தியில் முடிவு செய்தேன்.

திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்கு வானூர்தி வழியே எவ்வளவு தொலைவு? பருப்புக்கும் சாம்பாருக்கும் இடையே இக்கேள்வி எழுந்தது. என் இடப்புறம் இருந்தவர் முந்நூறு கிலோமீட்டர் என்றார். எதிர் வரிசை இளைஞர் ஒருவர், அது சாலைக் கணக்கு, வானில் இருநூறுதான் என்றார். பறக்கும் நேரம்? முக்கால் மணி என்றது ஒரு குரல். ஒரு மணிக்குக் குறையாது என்றது இன்னொன்று. பாயசம் வந்து ஆறிய பின்னும் வழக்குத் தீரவில்லை.

"சார் சொல்லட்டும். அந்தக் காலத்துலயே அவர் பறந்தவராக்கும்" என்று என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள்.

நான் சிரித்துக்கொண்டே இலையை மூடிவிட்டேன். முந்நூறும் இருநூறும் அச்சில் கிடைக்கும் கணக்குகள். கால அட்டவணையைப் புரட்டினால் நிமிடங்களும் கிடைக்கும். என் தமக்கை போட்ட கணக்கு ஒன்று உண்டு. அது மட்டும் எந்த அட்டவணையிலும் இல்லை. அதற்காகவே இக்கட்டுரை.

எழுபதுகளின் தொடக்கம். நான் இங்கே, திருவனந்தபுரத்தில், ஒரு கல்லூரியில் தமிழ் பயிற்றிவந்தேன். கரமனைத் தெரு ஒன்றில் எங்கள் வீடு. வீட்டில் நானும் அக்காவும் மட்டுமே. அக்கா பங்கஜம் என்னினும் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். அத்திம்பேர் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். ஒரே மகன் ரமணி மதுரையில் பள்ளி ஆசிரியன். ஆப்பிரிக்க நாடு ஒன்றில் அவனுக்கு ஆசிரியப் பணி உறுதியாகியிருந்தது. அடுத்த மாதம் புறப்பாடு, அதற்குமுன் பத்து நாள் இங்கே வந்து தங்குவான் என்பது ஏற்பாடு.

ஒரு புதன்கிழமை நண்பகலில் தந்தி வந்தது. உடனே வந்து சேருமாறு உத்தரவாம். வியாழன் மாலை மதுரையில் ரயில் ஏறிச் சென்னை, பின் பம்பாய், பின் கடல் கடந்து... எப்போது திரும்புவான் என்பது அவனுக்கே தெரியாது.

அக்கா தந்தியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "நான் அவனைப் பாக்கணும்" என்றார்.

எப்படிப் போவது? எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் பேருந்துகள் வேலைநிறுத்தம். தம்பானூர் நிலையத்தில் கேட்டேன். வாடகைக் கார்க்காரர்கள் கல்லெறிக்கு அஞ்சிக் கையை விரித்தார்கள். அன்றைய ரயில் போய்விட்டது. மறுநாள் ரயில், கொல்லம் போய்ச் செங்கோட்டை சுற்றி மதுரையை எட்டுமுன் ரமணி சென்னையையே நெருங்கியிருப்பான். எஞ்சியது வானம் ஒன்றே. வாரத்தில் சில நாள் மட்டும் பறந்த சிறு வானூர்தி ஒன்று, நற்பேறாக வியாழன் முற்பகலில் இருந்தது. ஒரு மாதச் சம்பளத்தை நினைத்துப் பார்க்காமல் இரண்டு பயணச்சீட்டுகள் வாங்கிவந்தேன்.

அக்கா பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வியாழன் விடியறச்சே எனக்கு சந்திராஷ்டமம் பிடிக்கறது, அம்பி. அப்பறம் ரெண்டு நாளைக்கு யாத்திரை கிளம்பப்படாது."

"அக்கா, ப்ளேன் உன் நட்சத்திரத்தைக் கேட்டுண்டு பறக்காது."

"ப்ளேன் அதும்பாட்டுக்கு நாளைக்குப் பறக்கட்டும். நான் இன்னிக்கே கிளம்பிடறேன்."

வாசகர்கள் திகைக்க வேண்டா. இதற்கு எங்கள் தெருவில் ஒரு வழி உண்டு. பரஸ்தானம் என்பார்கள். போகும் நாள் சரியில்லையென்றால், நல்ல நேரம் இருக்கும்போதே பயணப் பையைக் கொண்டுபோய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பை வாசலைத் தாண்டிய கணத்தில் உரியவரும் புறப்பட்டுவிட்டதாகப் பொருள். பிறகு அவர் வீட்டில் உண்ணலாம், உறங்கலாம். ஆனால் பையைத் திரும்ப வீட்டுக்குள் கொணரலாகாது. கொணர்ந்தால் பயணம் கெட்டது.

அக்கா பையைக் கட்டினார். நார்த்தங்காய் ஒரு ஜாடி, வேப்பிலைக்கட்டி, மாற்றுப் புடைவை. எல்லாவற்றுக்கும் மேலாக, பத்திரம் கருதி, இரண்டு பயணச்சீட்டுகள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மதுரை கிழக்கே இருப்பதால் கிழக்குப் பக்கத்து வீடு வேண்டும். எங்களை அடுத்துத் தெருமுனையில், கடைவீதியைப் பார்த்த வீடு சாரதாம்மாவுடையது. பள்ளியில் கணக்கு டீச்சர். மலையாளி. அக்காவை 'சேச்சி' என்பார், என்னை 'சாரே' என்பார். இருவரும் சுவருக்கு மேலாகக் கறிவேப்பிலையும் கதைகளும் மாற்றிக்கொள்பவர்கள்.

பொழுது சாயுமுன் பையை அவரிடம் ஒப்படைத்தோம்.

"இது எந்தா சேச்சி, பை மட்டும் யாத்திரை போகுந்நோ?"

"பை முன்னாடி போகணும், சாரதா. நான் நாளைக்குப் பின்னாடி போவேன். இனிமே நான் இதைத் தொடப்படாது. இதைப் பத்திப் பேசவும் படாது."

"ஓ. பேசண்டா" என்று சாரதாம்மா பையை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஏதோ பச்சிளங்குழந்தையை வாங்குவதுபோல.

மறுநாள் காலை நீராடி, விளக்கேற்றி, வெறுங்கையோடு வாசல் இறங்கினோம். சாரதாம்மாவின் வீடு பூட்டியிருந்தது.

நான் கதவைத் தட்டினேன். பூட்டியிருக்கிற கதவைத் தட்டுவதில் என்ன பொருள்? ஆனாலும் தட்டினேன். எதிரே டீக்கடை நடத்திய செல்லப்பன் எட்டிப் பார்த்தார். தக்கலைப் பக்கத்துக்காரர்.

"டீச்சரு வெளுப்பாங்காலமே போயாச்சுல்லா. கல்லாத்துக்காக்கும். தங்கச்சி பிள்ளைக்கி இன்னைக்கி சோறூணு. ரெண்டு பையும் தூக்கிட்டு ஓடுனாங்க."

சோறூணு என்பது குழந்தைக்கு முதற்சோறு ஊட்டும் சடங்கு. கல்லாறோ பொன்முடி மலையடிவாரம். போய்த் திரும்பப் பாதி நாள் ஆகும். வானூர்திக்கு இருந்ததோ சிறு பொழுது.

"எங்க பை உள்ள இருக்கு, செல்லப்பா. டிக்கெட்..." என்று அக்காவைப் பார்த்தேன்.

"அதுக்குள்ளதான் வெச்சேன்" என்றார் அக்கா.

செல்லப்பன் கடைக்குள்ளிருந்து இரும்புக் கம்பி ஒன்றை எடுத்துவந்தார். "சாரே, ஒரு தட்டு தட்டுனா தொறந்துரும். டீச்சருகிட்ட நாஞ் சொல்லிக்கிடுதேன். பின்ன, எனக்கு டீ பாக்கி தராதவங்க வீட்டைல்லாம் ஒடைக்க இதொரு பழக்கமா இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பியை வாங்கக் கை நீட்டினேன். அக்கா அதைத் தடுத்தார்.

"இன்னொருத்தி ஆத்துப் பூட்டை உடைச்சா என் பிள்ளையை வழியனுப்பறது? வேண்டாம்."

"அப்ப எப்படிப் போறது?"

"பை புறப்பட்டாச்சோல்லியோ? புறப்பட்டது பூட்டின வீட்டுக்குள்ள உக்காந்திருக்காது. நீ வண்டியைக் கூப்பிடு."

தருக்க நூல்கள் சிலவற்றை நான் முறையாகக் கற்றவன். ஒன்றும் உதவவில்லை. அலுவலகத்தில் எங்கள் பெயர்கள் பதிவாகியிருக்கும், மன்றாடிப் பார்க்கலாம் என்ற நப்பாசையோடு வண்டியில் ஏறினேன். பழவங்காடியில் அக்கா நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்ப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு ஏறினார். தெறித்த சில்லு ஒன்று என் வேட்டியில் விழுந்தது. எனக்கோ ஒவ்வொரு கணமும் நெருப்பு.

அன்றைய வானூர்தி நிலையம் ஒரு பெரிய வீட்டளவுதான். மேசைக்கு அப்பால் இருந்த அலுவலர் எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார்.

"டிக்கெட் இல்லாதெ கயற்றான் பற்றில்ல சார்" என்று ஏற்ற மறுத்தார். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவர் போல வெளியே கை காட்டினார். "அவிடெ ஒரு டீச்சர் காலையில முதல் இருக்குன்னுண்டு. பங்கஜம், பங்கஜம்னு கேட்டுகிட்டு..."

வெளியே ஒரு பூவரச மரம். அதன் கீழ் ஒரு பலகை. பலகையில் சாரதாம்மா. அவருடைய பை காலடியில் கிடந்தது. எங்கள் பை மடியில் இருந்தது.

"எங்க சேச்சி போனீங்க? ஞான் பேடிச்சு போயி" என்று பயம் தெளியாமல் எழுந்தார். எழுந்தபோதும் பையைக் கீழே வைக்கவில்லை.

நடந்தது இதுதான். பை முன்னால் போக வேண்டும் என்று அக்கா சொன்னார் அல்லவா? சாரதாம்மா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். முன்னால் போக வேண்டிய பை தன் வீட்டு மூலையில் கிடந்தால் எப்படி? தானோ விடிந்ததும் கல்லாறு போகிறவர். யாத்திரை போகும் பையை உள்ளே வைத்துப் பூட்டுவது பெரும்பிழை அல்லவா? சொல்லிவிட்டு எடுக்கலாமென்றால், பையைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. ஆகவே இருட்டு விலகும்போதே பையை வானூர்தி நிலையம் இருக்கும் சங்குமுகத்துக்கு நடத்திக்கொண்டு வந்துவிட்டார். மடியில் வைத்தபடி காலை முழுதும் உட்கார்ந்திருக்கிறார்.

"தாழ வெச்சா யாத்திரை நின்னு போகுமோன்னு ஒரு பேடி, சேச்சி. அதான் வெக்கலை."

அக்கா அவரை உற்றுப் பார்த்தார். "கிழக்கே போகவேண்டிய பையை மேற்கே கொண்டுவந்து வெச்சிருக்கே, சாரதா."

"விமானம் இவிடெயல்லோ நிக்குது?"

"சோறூணு? உனக்கு பஸ் போயிருக்குமே."

"சோறு நாளைக்கும் உண்டு. விமானம் நாளைக்கு இல்லல்லோ. ஒரு உருளை எனக்குன்னு மாத்தி வெப்பாங்க. நீங்க போய் மோனைப் பாருங்க."

அக்கா பையை வாங்கிக்கொண்டார். மேலாக இருந்த பயணச்சீட்டுகளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வானூர்தி சிறியது. இரண்டு பக்கமும் இரண்டு விசிறிகள். பணிப்பெண் ஒருத்தி தட்டில் பஞ்சும் மிட்டாயும் ஏந்திவந்தாள். காதில் வைத்துக்கொள்ள வேண்டிய பஞ்சை அக்கா விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல பஞ்சு, அம்பி. திரி திரிக்கலாம்" என்று முந்தானையில் முடிந்துகொண்டார். மிட்டாயும் முடிச்சுக்குள் போயிற்று. ரமணிக்காம்.

ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஒரு குரல். மதுரை ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர், ஐம்பது நிமிடத்துக்குள் சென்றடைவோம் என்றது. அக்காவுக்குத் தமிழில் சொன்னேன்.

"எதுலேர்ந்து ஐம்பது நிமிஷம்?"

"இப்போ கிளம்பறதுலேர்ந்து."

"நான் நேத்தே கிளம்பியாச்சே" என்றார் அக்கா.

நிலம் நழுவியது. முதலில் கடல்தான் வந்தது. கிழக்கே போக வேண்டிய ஊர்தி மேற்கே கடலின்மீது சென்று, ஒரு சிறகைத் தாழ்த்தி, மெல்லத் திரும்பிற்று. கீழே கட்டுமரங்கள், நீலத் துணியில் சிந்திய எள்ளாய்க் கிடந்தன. அலையின் வெள்ளை விளிம்பு அசையவே இல்லை. நாம் நாளும் கேட்கும் இரைச்சல் அத்தனையும் அங்கே ஒரு கோடாக உறைந்திருந்தது. பிறகு நகரம். அதை நகரம் என்பதா? ஒரே தென்னந்தோப்பு. நடுவே கோபுரம் மட்டும் தலை நீட்டிற்று. எங்கள் தெரு எங்கே? தேடினேன், காணவில்லை. இத்தனை ஆண்டு வாழ்ந்த இடம், ஓர் ஓலையின் நிழலுக்குள் அடங்கிவிட்டது.

அதன்பின் மலை. பச்சைமேல் பச்சை, அதன்மேல் முகில். முகில்களின் நிழல்கள் காடுகளின்மீது ஆடுமாடுகள்போல் மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு மடிப்பில் வெள்ளி இழையாய் ஓர் ஆறு.

"கல்லாறு இங்கதானே எங்கயோ?" என்றார் அக்கா.

"அடியில இருக்கும்."

அக்கா நெற்றியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டார். "சாரதா இந்நேரம் அடுத்த பஸ்ஸைப் பிடிச்சிருப்பாளோ..." என்று அந்தக் காட்டுக்குள் ஒரு பேருந்தைத் தேடிக்கொண்டே இருந்தார். அத்துணை உயரத்திலிருந்து பேருந்து தெரியுமா? தெரியாது என்று நான் சொல்லவில்லை. நானும் தேடினேன்.

முகடு வந்ததும் முகில் நின்றுவிட்டது, யாரோ கோடு கிழித்ததுபோல. மறுபுறம் வேறு நாடு. செம்மண், பனை, கண்ணாடிச் சில்லுகளாய் மின்னும் ஏரிகள். காதுக்குள் விசிறியின் முழக்கம் தாலாட்டாக மாறியிருந்தது. எந்த ஊரிலும் இல்லாத பொழுது அது. இறந்த காலமும் இல்லை, எதிர் காலமும் இல்லை. புறப்பட்டது நேற்றா, இன்றா? புறப்பட்டது நாங்களா, பையா? அரைக்கண் மூடிய நிலையில் எனக்கு அக்காவின் கணக்கே மெய்யென்று பட்டது. கால் நகரும்போதா பயணம் தொடங்குகிறது? மனம் ஒரு மூட்டையைக் கட்டி வாசலுக்கு வெளியே வைக்கும் கணத்தில் அன்றோ தொடங்குகிறது...

சக்கரம் மண்ணைத் தொட்டது. ரமணி வெளியே காத்திருந்தான்.

அன்று தாய்க்கும் மகனுக்கும் கிடைத்தது ஒரு பகல். அவன் அறையில் உட்கார்ந்து அக்கா தயிர்சாதம் பிசைந்து அவன் கையில் இட்டார். நார்த்தங்காயை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், அந்த ஊர்க் குளிருக்கு என்ன போர்த்த வேண்டும் என்றெல்லாம் பேசினார். எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. மிட்டாயைக் கொடுத்தார். அவன் அதைச் சிறுவன்போல் கன்னத்தில் அடக்கிக்கொண்டான்.

மாலையில் பெட்டியைப் பூட்டப் போனபோது அக்கா சொன்னார்: "போட்டுண்டிருக்கற சட்டையைக் கழட்டிக் குடு. வேற ஒண்ணு போட்டுக்கோ."

"எதுக்கும்மா? வேர்வை நாத்தம்."

"இருக்கட்டும். குடு."

நீலக் கோடு போட்ட சட்டை. மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ரயில் நகர்ந்தபோதும் அது அவர் கையிலேயே இருந்தது. அழவில்லை. நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வேலைநிறுத்தம் முடிந்து பேருந்தில் ஊர் திரும்பினோம். கரமனையில் இறங்கியதும் அக்கா நேரே வீட்டுக்கு வரவில்லை. சாரதாம்மாவின் வாசலில் நின்று சட்டையை நீட்டினார்.

"இதை உங்காத்துல வெச்சுக்கோ, சாரதா."

"இது ஆருடெ சேச்சி?"

"ரமணியோடது. அவன் திரும்பி வரக் கிளம்பிட்டான்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, இது முறையே இல்லை. பரஸ்தானம் கிளம்பற ஊர்ல வெக்கறது. சேர்ற ஊர்ல வெப்பாளா? அதுவும் அவன் இன்னும் போய்ச் சேரவே இல்லையே."

"நீ வாத்தியார். உனக்கு முறை தெரியும். சட்டை என் பிள்ளையோடது" என்றார் அக்கா. "பஸ்லேர்ந்து இறங்கினா அவன் வர வழியில இதான் மொதல் வீடு. இங்க இருக்கட்டும்."

சாரதாம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம் மெல்லக் கேட்டார்: "சாரே, இதைத் தாழ வெக்கலாமா?"

"அலமாரில வெக்கலாம்" என்றேன்.

ஆண்டுதோறும் ஓணத்துக்கு வீட்டைத் துடைக்கும்போது சாரதாம்மா அச்சட்டையை வெயிலில் காட்டி, வேப்பிலை மாற்றி, மீண்டும் மடித்து வைப்பார். சுவருக்கு மேலாக அக்காவுக்குச் செய்தி போகும்: "சேச்சி, மோன் வந்துகிட்டிருக்கான்." அக்கா தலையசைப்பார். கடிதம் வராத மாதங்களும் உண்டு. அங்கே கலகம் என்று செய்தித்தாள் சொன்ன மாதங்களும் உண்டு. அத்தகைய நாள்களில் அக்கா ஏதோ ஒரு காரணம் சொல்லிக்கொண்டு சாரதாம்மா வீட்டுக்குப் போவார். கறிவேப்பிலை வாங்கத்தான். வெறுங்கையோடு திரும்புவார். முகம் மட்டும் தெளிந்திருக்கும்.

நான்கு ஆண்டு கழித்து ரமணி வந்தான். பம்பாயிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து மதுரை. அங்கே பழைய பள்ளி நண்பர்களைக் கண்டுவிட்டு, மதுரையிலிருந்து அதே சிறு வானூர்தியில் இங்கே. தெருமுனையில் சாரதாம்மா அவனை மறித்து, சட்டையைக் கையில் கொடுத்துத்தான் அனுப்பினார். அவன் அதை அணிந்து பார்த்தான். பொத்தான் எட்டவில்லை. தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தான்.

அக்கா நிலைப்படியில் நின்றார். சட்டையைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்தார்.

"அலுப்பா இருக்கான்னு கேக்காதேம்மா" என்றான் அவன் சிரித்துக்கொண்டே. "மதுரைலேர்ந்து முக்கால் மணி. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துட்டேன்."

"முக்கால் மணியா?" என்றார் அக்கா. "நீ கிளம்பி நாலு வருஷம் ஆறதுடா. கால் அலம்பிண்டு உள்ள வா."

பந்தியில் நான் சொல்லாமல் வந்த விடை இதுதான்.

அக்கா இப்போது இல்லை. ரமணி இவ்வூரிலேயே ஆசிரியனாகி, தலைமையாசிரியனாகவும் ஆகிவிட்டான். சாரதாம்மா இன்றும் எங்கள் தெருமுனையில் இருக்கிறார். யார் பையைக் கொடுத்தாலும் கீழே வைப்பதில்லை.

கிலோமீட்டரும் நிமிடமும் நான் நினைவிலிருந்து எழுதியவை. முகட்டுக்கு அடியில் நான் கண்டது கல்லாறுதானா, வேறு ஓடையா என்பதும் ஐயமே. இவற்றில் பிழை காணும் அன்பர்கள் தயங்காது எழுதித் திருத்துமாறு வேண்டுகிறேன்.

அக்காவின் கணக்கை மட்டும் தொட வேண்டா. அது சரியாகத்தான் வருகிறது.